அரக்கில் ஒட்டிய ஸ்வீடன் ஜாடி

எங்கள் வீட்டு ஷோகேஸில் நீல நிறத்தில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் துளையிடும் மெஷின்களைப் பொருத்த ஸ்வீடனிலிருந்து வந்த ஓர் இன்ஜினியரின் பங்களாவில் அம்மா வீட்டுவேலை செய்தாள். ஊர் திரும்பும்போது அவர் மனைவி இதை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாளாம். அம்மா சொல்வது இவ்வளவுதான். இதை நம்பாமல் சிரிப்பதையே பென்ஷனுக்குப் பிறகு முழுநேர வேலையாக வைத்திருந்தார் பெரியப்பா.

அவர் அதே சுரங்கத்தில் தங்கத்தின் தரம் பார்க்கும் ஆபீசில் இருந்தவர். தரம் பார்த்தது வேறு யாரோ; இவர் கல் மூட்டையைக் கொண்டுபோய் வைத்தவர். ஆனாலும் காது குத்து வீடோ கருமாதி வீடோ, எதிரில் இருப்பவரின் சங்கிலியைப் பார்த்து "கவரிங்" என்று சொல்லாமல் கை நனைக்க மாட்டார். அம்மாவுக்கு அவர் வைத்த பெயர் ஸ்வீடன் மகாராணி. சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், "இன்னா மகாராணி, ஆண்டர்சன்பேட்டை பஜார்ல வாங்கின ஜாடி சௌக்கியமா?" என்று உரக்கக் கேட்டார். பந்தியே சிரித்தது. அம்மா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து வேலைக்குப் பெங்களூர் ரயிலில் போகவர ஸ்வீடன் கண்ணாடி வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். பக்கத்து சீட்டில் சீரியல் ஓடும், என் கையில் ஜாடி ஓடும். அச்சில் வார்த்த போலியின் பக்கவாட்டில் தையல் போட்டதுபோல் ஒரு கோடு இருக்கும். அசலின் அடிப்பாகம் மெருகேற்றி வழவழவென்று இருக்கும். அங்கே கம்பெனி பெயரைக் கையாலேயே செதுக்கியிருப்பார்கள். எழுத்து கொஞ்சம் ஆடும். போலியில் அச்சடித்த மாதிரி விறைப்பாக நிற்கும், இல்லாவிட்டால் வெறும் ஸ்டிக்கர். பழைய ஜாடியை எடுத்து எடுத்து வைத்ததில் அடி விளிம்பில் தாறுமாறாக மெல்லிய கீறல்கள் விழுந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியதில் கீறலெல்லாம் ஒரே பக்கம் ஓடும். உள்ளே குமிழி இருந்தால்தான் அசல் என்கிறார் ஒருவர், குமிழி இருந்தாலே போலி என்கிறார் இன்னொருவர். அந்தச் சண்டையை அவர்களிடமே விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவை வரவழைத்து, படித்த பாடத்தையெல்லாம் பெருமையாக ஒப்பித்தேன். லென்ஸோடு வந்திருந்தார். ஆனால் ஜாடி பலகையை விட்டு வரவில்லை. சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கடியில் பாறை வெடித்தால், சுரங்கத்தை ஒட்டிய எங்கள் நந்திதுர்க் வீடுகளில் பாத்திரமெல்லாம் உருளும். அதற்குப் பயந்து அம்மா அரக்கை உருக்கி ஜாடியைப் பலகையோடு ஒட்டியிருந்தாள். சுரங்கத்தை மூடியும் அரக்கு விடவில்லை. கத்தியைக் கொடுத்து நெம்பியதும் பலகைச் சிராயோடு வந்தது. அடியின் நடுவில் சிவப்பாக அரக்கு அப்பியிருந்தது, விளிம்பு பளபளவென்றிருந்தது.

"தோ பாரு! ஒரு கீறல் கீதா? நேத்து கடையில வாங்கினது மாரி கீது," என்றார் பெரியப்பா.

"ஒட்டி வெச்ச ஜாடியில எப்டி பெரிப்பா கீறல் வரும்?"

"நீ சொன்ன கணக்குதானே இது?"

அம்மாவின் முகம் வாடிவிட்டது. நான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அரக்கைத் துடைக்க ஆரம்பித்தேன். அது கரையக் கரைய, கோணல்மாணலாக எழுத்துகள் தெரிந்தன. வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்த அதே பெயர், கையால் செதுக்கியது. பக்கவாட்டில் தடவிப் பார்த்தேன், கோடு இல்லை. "அசல்!" என்று கத்திவிட்டேன். அம்மா பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

பெரியப்பா நெடுநேரம் லென்ஸ் வைத்துப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று எதிர்பார்த்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அசல்தான், ஒத்துக்கிறேன்," என்றார். "ஆனா இவ்ளோ ஒசந்த பொருள வேலைக்காரிக்கு எவ தூக்கிக் குடுப்பா? நீயே சொல்லு."

போலியாக இருந்தவரை அம்மா பொய்க்காரி. அசல் என்றதும் திருடி. நடுவில் பஞ்சு காய்கிற நேரம் மட்டும் அவள் யோக்கியமாக இருந்தாள். எந்த வீடியோவிலும் இதற்கு ஒரு சோதனை சொல்லித்தரவில்லை. ஜாடியை அவர் தலையிலேயே போட்டு உடைக்கலாமா என்றிருந்தது எனக்கு.

அம்மா முந்திக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"ஷிப்ட் முடிஞ்சி வரச்சொல்ல, கேட்டுல உங்களத் தெனமும் தடவிப் பாத்துதானே மாமா வெளிய விட்டாங்க? ஒரு நாளாவது எதனா எடுத்தீங்களா?"

"நானா?" பெரியப்பா பதறினார். "சத்தியமா இல்ல. நம்ம குடும்பத்துல எவனும் எடுத்ததில்ல."

"தெரியும். மானம் போவுதுன்னு இந்த ஊட்டுல வந்து அழுவீங்க. நான்தான் சோறு போட்டேன்."

பெரியப்பா லென்ஸை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். "சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்மா."

"கேக்கல மாமா," என்றாள் அம்மா. "தடவிப் பாத்தீங்க."