கழற்றாத கவசம்

திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத் வந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை, வீடியோ கேமில் வரும் பெண்களுக்கு ஆடை உடுத்துவது. வெளிநாட்டில் தயாராகும் விளையாட்டுகளைச் சில நாடுகளில் அப்படியே விற்க முடியாது. எங்கே கழுத்து இறங்கியிருக்கிறது, எங்கே தொடை தெரிகிறது என்று அந்த நாட்டுத் தணிக்கையிலிருந்து பட்டியல் வரும். அதைப் பார்த்து நாங்கள் மூட வேண்டும்.

வீட்டில் இதைச் சொல்லக் கூச்சம். "என்னட்டி வேலை அது?" என்று அம்மா போனில் கேட்டபோது, "கம்ப்யூட்டர்ல டிரெஸ் டிசைன் பண்ணுதேம்மா" என்றேன். பொய்யில்லை.

அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். என் சீனியர் செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பேசும் தமிழில் அந்த ஊர் உருது கலந்திருக்கும். "நக்கோம்மா, இவ்ளோ ஏத்தாதே. கழுத்து வரைக்கும் இறுக்கிட்டா அவ வாளை எப்படித் தூக்குவா?" என்பார். கையை உயர்த்தினால் துணி எங்கே சுருங்கும் என்பதைத் தன் துப்பட்டாவை இழுத்துப் போட்டு எழுந்து நின்று காட்டுவார்.

ஒருமுறை, போரிலிருந்து வீடு திரும்பும் வீரனின் காட்சி வந்தது. மனைவி ஓடி வந்து அணைக்கிறாள். இருவரும் கட்டிலில் சாய்கிறார்கள். முத்தம் வேண்டாம், கட்டிலும் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். அதற்கு முந்தைய காட்சியில் அவன் வெட்டிச் சாய்த்த தலைகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

"கைக்கு?" என்று அந்த ஊர் உருதுவில் ஏனென்று கேட்டார் அக்கா, திரையைப் பார்த்து. ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.

காட்சியில் முத்தத்தை வெட்டிய இடத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டுமே. அக்காதான் சொன்னார்: "அவ அவனோட கவசத்தைக் கழட்டட்டும். வேற ஒண்ணும் வேணாம்."

இரண்டு வாரம் உட்கார்ந்து செய்தோம். அவள் தோள் வாரை அவிழ்க்கிறாள், பிறகு இடுப்பு வாரை. ஒரு கொக்கி சிக்கிக்கொள்கிறது. குனிந்து பார்க்கிறாள், அவன் மூச்சு பட்டு அவள் நெற்றி முடி அசைகிறது. கடைசி வாரில் கை வைக்கும்போது திரை இருண்டுவிடும். அந்த முடி அசைவதற்கு மட்டும் எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

பதில் வந்தது: "முன்பிருந்ததைவிட இது அதிகம். நீக்கவும்."

அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. மேனேஜர் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். "நாங்க பாஸாயிட்டோம் சார்" என்றார் அக்கா. மேனேஜருக்குப் புரியவில்லை.

கடைசியில் விற்பனைக்குப் போனது ஒரு மூடிய கதவு. வீரன் உள்ளே போகிறான், கதவு சாத்திக்கொள்கிறது, பொழுது விடிகிறது. அரை நாள் வேலை.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அக்கா மகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். நான் எத்தனையோ வேலை மாறிவிட்டேன். அந்த ஜன்னல் இல்லாத அறையைப் போல ஓர் இடம் பிறகு அமையவில்லை.

அன்று கதவுக் காட்சியை அனுப்பிவிட்டு, கவசம் கழற்றும் பழைய ஃபைலை அழிக்கும் முன், "ஒரு வாட்டி ஓட்டு" என்றார் அக்கா. ஓட்டினேன். கொக்கி சிக்கும் இடம் வந்ததும், "ஹவ், ஆமாம்மா, நல்லா செஞ்சிருக்கே" என்று என் முதுகைத் தட்டினார். அவரிடமிருந்து அப்படி ஒரு வார்த்தை எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவரே மவுஸை வாங்கி அழித்தார்.