கணக்கப்பிள்ளை வீட்டு மாடு

மகன் டி.வி.யில் ஒரு பிரெஞ்சுப் படம் போட்டான். பாஷை புரியவில்லை. நாலைந்து ஏழைகள் சேர்ந்து கயிறும் வாளியும் பழைய சைக்கிளும் வைத்து ஒரு பெரிய மனுஷனைப் பழிவாங்கினார்கள். சிரித்துவிட்டேன். லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து ஞாபகம்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. விடியக்காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று பேர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. கைக்குழந்தையாயிருந்த தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடிவந்த அம்மாவை, பேர் எழுதும் கணக்கப்பிள்ளை மூன்று நாள் திருப்பி அனுப்பினார்.

"பிந்தினா வீட்டுக்குப் போ."

நாலாம் நாள் விடியுமுன் நானும் பக்கத்து லயத்து வீட்டுச் செல்லம்மாவும் அவர் மாட்டை அவர் வீட்டுக் கதவு வளையத்திலேயே கட்டினோம். அவர் கதவை உள்ளே இழுத்தார். மாடு வெளியே இழுத்தது.

அன்றைக்கு அவருக்கு முன்னாலேயே அம்மா பெரட்டில் நின்றாள். அவர் மூச்சிரைக்க வந்தபோது தோட்டத்துத் துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

"லேட், கணக்கப்பிள்ளை. வீட்டுக்குப் போ."

நாங்கள் மழைக்குப் போர்த்தியிருந்த ஈரக் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டோம். அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"சாயந்தரம் அந்த மாட்டுக்கு ஒரு கட்டு புல்லு அறுத்துப் போடு."

படம் முடிந்தது.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்றான் மகன்.

"பரவாயில்ல. பாவம், அவங்ககிட்ட மாடு இல்ல."