பதிவில் விழாத பெயர்

பேய்க் கதைகளுக்கு நான் ஐந்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் கொடுத்ததே கிடையாது. சமையல், துப்பறிதல், பயணம், கவிதை என்று கையில் அகப்படுவதையெல்லாம் வாசித்து, பேசிப் பதிவு செய்து, என் யூடியூப் பக்கத்தில் போடுவது என் பொழுதுபோக்கு. பேய்ப் புத்தகம் வந்தால் மட்டும் கிண்டல் பண்ணாமல் விட மாட்டேன். அதனால் இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது. எனக்குத்தான் நடந்தது. என் கணவர் ஷிஹாபும் பக்கத்தில் இருந்தார்.

போன நவம்பரில் தனபாலன் சேரின் சிறுகதைத் தொகுதிக்குக் கண்டியில் வெளியீட்டு விழா ஏற்பாடாகியிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் யார் புத்தகம் போட்டாலும் கைப்பிரதியைத் தூக்கிக்கொண்டு அணிந்துரைக்காக அவரிடம்தான் போவார்கள். அவருடைய சொந்தப் புத்தகம் வருவது இதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு முன் என் விமர்சனம் வர வேண்டும் என்று கலகெதரவில் எங்கள் வீட்டுக்கே ஒரு பிரதியை அனுப்பி வைத்தார்.

தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் கதைகள். வாசித்து அழுதேன். அட்டை கடித்த காலோடு, ஈரச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மலையேறுகிறவளின் வலியை, மடிப்புக் கலையாத சேர்ட் போடும் சேர் எப்படி இவ்வளவு அறிந்தார் என்று அதிசயப்பட்டேன். ஒன்று மட்டும் உறுத்தியது. புத்தகத்தில் ஓர் அணிந்துரைகூட இல்லை. நம் ஆட்களின் புத்தகத்தில் மூன்று பேராவது முன்னால் நின்று புகழாமல் முதற் கதை தொடங்காது. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர், தன் கைப்பிரதியை மட்டும் ஒருவரிடமும் காட்டவில்லை போலும்.

வியாழக்கிழமை மாலை ஐந்தரை. வெளியே நல்ல மழை. ஷிஹாப் கடையிலிருந்து வந்து குசினியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஃபோனில் பதிவைத் தொடங்கினேன்.

“இந்தக் கதைகளின் ஆசிரியர் தனபாலன்...”

பத்து நிமிடம் பேசினேன். போட்டுக் கேட்டேன். என் குரல் தெளிவாக இருந்தது. மழைச் சத்தமும் இருந்தது. ஆனால் ‘ஆசிரியர்’ என்பதற்குப் பிறகு... ஒன்றும் இல்லை. மழை மட்டும் பெய்தது. அந்த ஒரு பெயர் மட்டும் விழவில்லை. அடுத்த சொல்லிலிருந்து என் குரல் மறுபடி கேட்டது.

ஃபோன் பழுது என்று நினைத்து மறுபடி பதிவு செய்தேன். கேட்டேன்.

“ஆசிரியர்...” க்ஹ்... க்ஹ்...

செருமல். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு வெளியே வரத் துடிப்பது போல. என் செருமல் இல்லை. அறையில் பச்சைக் கொழுந்து வாசனை அடித்தது.

ஷிஹாபைக் கூப்பிட்டேன். அவர் முன்னாலேயே மூன்றாவது தடவை பதிவு செய்து போட்டுக் காட்டினேன்.

“ஆசிரியர்...” க்ஹ்... சு... சு...

அவர் முகம் வெளுத்தது.

“யாரு இந்தப் பொம்புள?”

“ஒத்தரும் இல்ல. நம்ம ரெண்டு பேரும்தானே இங்க ஈந்தோம்.”

“நிப்பாட்டுங்க. வாங்க வெளிய.”

அந்த நேரம் கரண்ட் போனது.

என் கை ஃபோனை விடவில்லை. பதிவை அழுத்தினேன். “ஆசிரியர்” என்றேன். பெயரைச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

என் காதருகே குளிர்ந்த மூச்சு...

போட்டுக் கேட்டோம்.

“சுகிர்தா... கலஹா...”

பிறகு, ஒவ்வொரு சொல்லாக.

“அவரு... எழுதல.”

ஃபோன் அடித்தது. நான் அலறிவிட்டேன்.

தனபாலன் சேர்.

“தங்கச்சி, பதிவு ஆயிருச்சா?”

“சேர்... சுகிர்தா யாரு?”

 “அப்படி யாரும் இல்ல. நீங்க என் பேரச் சொல்லி அனுப்புங்க. அது போதும்” என்று வைத்துவிட்டார்.

எந்த சுகிர்தா என்று அவர் கேட்கவே இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. நான் அழுதது யாருடைய எழுத்துக்கு? அந்தப் பதிவை அப்படியே அவருக்கு அனுப்பினேன். அவர் கேட்டுவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. நானும் என் பக்கத்தில் விமர்சனம் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு முதலாளி முதற் பிரதியை வாங்கிப் படத்துக்கு நின்றார். நாலு பேர் புகழ்ந்து தள்ளினார்கள். ஏற்புரைக்குச் சேர் எழுந்தார். அந்த இடத்திலாவது அவர் பொய்யை நிறுத்தியிருக்கலாம். ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போதும்.

“இந்தக் கதைகளின் ஆசிரியர் என்ற முறையில் நான்...”

அவ்வளவுதான். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

மைக்கைத் தட்டினார்கள். மைக் வேலை செய்தது. வேறு மைக் கொடுத்தார்கள். அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். கண் பிதுங்கியது. பிறகு...

க்ஹ்... க்ஹ்...

அதே செருமல். இப்போது அவர் தொண்டையிலிருந்து.

அன்று போன பேச்சு இன்றுவரை திரும்பவில்லை. எல்லாப் பரிசோதனையும் செய்தும் டாக்டர்கள் ஒரு குறையும் காணவில்லை. எனக்குப் பரிதாபம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை பேராதனையில், அந்தக் குரல் சொன்ன கலஹாவுக்கு பஸ் ஏறினேன். கதை எழுதும் சுகிர்தா என்று விசாரித்ததும் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றைக் காட்டினார்கள். அவளுடைய அம்மா பாப்பம்மா மட்டும் இருந்தார்.

“அணிந்துரை எழுதித் தாரேன்னு அந்த தனபாலன் சேர் இவ எழுதுனத வாங்கிட்டுப் போனாரும்மா. மூணு வருசம். இவ பஸ் ஏறிப் போயி அவரு வீட்டு வாசல்ல நிப்பா. அடுத்த மாசம் வான்னு அனுப்பிருவாரு. கடைசியா மழையில நின்னு காய்ச்சலோட வந்தா. அந்தக் காய்ச்சல்லயே போயிட்டா.”

 அந்தத் தாய்க்கு என்னால் கொடுக்க முடிந்தது ஒன்றுதான் என்று ஃபோனை எடுத்தேன்.

“அம்மா, உங்க மகள்ட குரல் எங்கிட்ட ஈக்கி. கேக்குறீங்களா?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“யாரு குரலும்மா? எம் மவளுக்குப் பொறந்ததுலேருந்தே பேச்சு வராதுங்களே.”