மேட்ரன் பெயரில் போன மெயில்கள்

வளைகுடாவில் பல வருடங்கள் கம்ப்யூட்டர் அறைகளின் குளிரில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது, இனி இலகுவான வேலையாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். தக்கலைக்குப் பக்கத்தில் கிறிஸ்தவ சபை நடத்தும் ஓர் ஆஸ்பத்திரியில் சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்தேன். சேர்ந்த வாரத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. பில்லிங் கவுண்டர் பிரின்டரில் பேப்பர் சிக்கினால் நான். ஜெப அறையில் மைக் கரகரத்தால் நான். எக்ஸ்ரே அறையில் எலி ஒயரைக் கடித்தாலும் நான்தான். இந்த ஓட்டத்துக்கு நடுவில் மெயில் சர்வரை யாரும் நினைப்பதில்லை. ஒரு காலத்தில் சலவைத்துணி அடுக்கி வைத்திருந்த அறையில், ஓட்டுக்கூரைக்குக் கீழே, அது பாட்டுக்கு இரைந்துகொண்டு கிடந்தது. அதற்கு ஒரு ஸ்பேம் தடுப்போ வைரஸ் தடுப்போ கிடையாது. கேட்கும்போதெல்லாம் அடுத்த கமிட்டியில் பார்க்கலாம் என்றார்கள்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் வளைகுடாவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், நான் அங்க ஐசியூல நர்ஸா இருந்தவளாக்கும். நீங்க வாரதுக்கு முன்னாடியே போயிட்டேன். எனக்க வெரிஃபிகேஷன் இன்னும் வரல்ல சார்."

அது என்னவென்று எனக்குத் தெரியும். இங்கிருந்து போகும் நர்சுகளுக்கு அங்கே லைசென்ஸ் கிடைக்க வேண்டுமானால், ஒரு கம்பெனி இந்த ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டு, "இவர் உங்களிடம் வேலை பார்த்தது உண்மையா?" என்று கேட்கும். ஆஸ்பத்திரியின் சொந்த மெயில் முகவரியிலிருந்து பதில் போக வேண்டும். குறித்த நாளுக்குள் போகாவிட்டால், உறுதி செய்ய முடியவில்லை என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். இந்தப் பதில்களையெல்லாம் எழுதுவது எங்கள் மேட்ரன்.

"மேட்ரன் அம்மாட்ட கேட்டுப் பாத்தியா?" என்றேன்.

"எங்க கேக்க? அவிய வேணும்னே போடாம இருக்காவ சார். நான் வேலைய விட்டுட்டு வரும்போ ஒருபாடு ஏசினாவ. அந்தக் கோவம்." குரல் உடைந்தது. "எனக்க விசிட் விசா முடியப் போவுது. ஒரு பெரிய ஆஸ்பத்திரில எடுக்கேன்னு சொல்லியிருக்காவ. இந்த ஒரு பேப்பர் இல்லாம நிக்கேன்."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். எனக்குச் சலிப்பாக இருந்தது. இரண்டு பேருக்குள் இருக்கும் பழைய மனத்தாங்கலுக்கு நடுவில் போய் நிற்க யாருக்குத்தான் ஆசை? ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை. நானும் ஒரு காலத்தில் அந்த ஊரில் ஒரு காகிதத்துக்காகக் காத்துக் கிடந்தவன்.

மேட்ரன் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஒரு சின்ன வீட்டில் இருந்தார். வெள்ளைச் சேலையில் ஒரு மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை. அவர் வராந்தாவில் நடந்து வந்தால் நர்சுகள் மட்டுமல்ல, டாக்டர்களும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்கள். அந்தப் பெண் சொன்னதை, கோபம் என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு, அவரிடம் சொன்னேன். அவர் விடவில்லை.

"நான் வேணும்னே போடல்லன்னு சொன்னாளா?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"போறப்பம் ஏசினேன். உள்ளதுதான். ஐசியூல ஆளு இல்லாத நேரத்துல போட்டுட்டுப் போனா. ஏசாம பின்ன? அதுக்காக, வேல செய்தவள செய்யல்லன்னு ஆக்குவனா நான்?" கம்ப்யூட்டரை என் பக்கமாகத் திருப்பினார். வயதில் இளைய எவரும் அவருக்கு 'மக்கள்'தான். "பாருங்க மக்களே. மெயில் வந்த அன்னைக்கே பதில் போட்டாச்சு. மறுபடி கேட்டாவ. மறுபடியும் போட்டாச்சு. நான் இதுக்கு மேல என்ன செய்யணும்?"

அனுப்பியவை எல்லாம் வரிசையாக இருந்தன. சுத்தமான, சின்னச் சின்ன வாக்கியங்கள். இன்னார் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றினார். நடத்தை மிக நன்று. 'மிக' என்ற சொல்லை அவர் எல்லாருக்கும் போடுவதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்படியானால் பதில் எங்கே போயிற்று? துணி அறைக்குப் போய் சர்வரைத் திறந்து பார்த்தேன். வெளியே போகக் காத்திருக்கும் மெயில்களின் வரிசையைக் கேட்டதும், திரை நிற்காமல் ஓடத் தொடங்கியது. ஆயிரக்கணக்கில். எல்லாம் மேட்ரனின் கணக்கிலிருந்து கிளம்பியவை. யார் யாருக்கோ, எந்தெந்த நாட்டுக்கோ. ஒன்றைத் திறந்து படித்தேன். ஆண்களுக்கான ஒரு மருந்தின் விளம்பரம். எழுதக் கூசும் வார்த்தைகள். அடியில், எங்கள் ஆஸ்பத்திரியின் பெயரும் மேட்ரனின் பெயரும் பதவியும்.

யாரோ அவருடைய பாஸ்வேர்டைத் திருடியிருக்கிறார்கள். அதை வைத்து எங்கள் சர்வர் வழியாகக் குப்பையை உலகமெங்கும் இறைத்திருக்கிறார்கள். இப்படிக் குப்பை அனுப்பும் சர்வர்களைக் கண்டுபிடித்துக் கறுப்புப் பட்டியல் போடுகிற அமைப்புகள் உண்டு. அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால் நம்மிடமிருந்து வரும் நல்ல மெயிலையும் யாரும் வாசலில் ஏற்க மாட்டார்கள். எங்கள் சர்வர் ஏறியிருந்தது. மேட்ரன் அந்தப் பெண்ணுக்காக எழுதிய பதில்கள், விளம்பரக் குப்பைக்கு நடுவில், திரும்பத் திரும்பக் கதவைத் தட்டி, திரும்பத் திரும்ப விரட்டப்பட்டுக் கிடந்தன.

பாஸ்வேர்டை மாற்றினேன். குப்பையை அழித்தேன். பிறகு அவரிடம் போய்ச் சொன்னேன்.

"மெயில்பெட்டி நெறஞ்சு போச்சு, பாஸ்வேர்டு போடுங்கன்னு ஏதாவது வந்ததா அம்மா?"

"வந்தது. ஆஸ்பத்திரில இருந்துன்னுல்லா போட்டிருந்தது. நீங்கதான் அனுப்பினியன்னு நெனச்சு போட்டேன்." ஒரு நிமிடம் யோசித்தார். "எனக்க பேர்ல என்ன போச்சு?"

"ஏதோ மருந்து விளம்பரம்."

"காட்டுங்க."

"வேண்டாம் அம்மா."

"எனக்க பேர்ல போனத நான் பாக்கணும்."

காட்டினேன். முழுதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இத்தன வருஷத்துல எனக்க பேர யாரும் ஒரு மாதிரியா சொன்னது கெடையாது" என்று சொன்னார். பிறகு வார்டைச் சுற்றிப் பார்க்க எழுந்து போய்விட்டார். அன்று முழுக்க யாரையும் அதட்டவில்லை. நர்சுகள் பயந்துபோய் என்னிடம் வந்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

மெயிலுக்குத் தடுப்பே இல்லை என்று சூப்பிரண்டு டாக்டரிடம் சொன்னபோது, "இது இவ்வளவு நாளா இல்லாமலா இருந்தது?" என்றார். தலையாட்டிவிட்டு வந்து வேலையைத் தொடங்கினேன்.

தடுப்பு வைப்பது பெரிய வித்தை அல்ல. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். உள்ளே வருகிற, வெளியே போகிற ஒவ்வொரு மெயிலையும் ஒரு புரோகிராம் முகர்ந்து பார்த்து மதிப்பெண் போடும். அவசரம், பரிசு, உடனே அழுத்தவும் என்றெல்லாம் இருந்தால் மதிப்பெண் ஏறும். ஓர் எல்லையைத் தாண்டினால் தனியே பிடித்து வைத்துவிடும். இன்னொரு புரோகிராம் இணைப்புகளைப் பிரித்து வைரஸ் இருக்கிறதா என்று தேடும். இந்த இரண்டாவது புரோகிராமை ஏற்றியதும் பழைய சர்வர் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. அதற்கு இருந்த மெமரி முழுவதையும் வைரஸ் தேடுகிறவனே தின்றுவிட்டான். ஸ்டோரில் தூசி படிந்து கிடந்த ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்து மெமரியை எடுத்துப் போட்டேன். ஓடியது. கரண்ட் போயிற்று. யூபிஎஸ் பேட்டரி செத்திருந்தது. மறுபடியும் முதலிலிருந்து.

இதற்கிடையில் பட்டியல்காரர்களுக்கு எழுதினேன். இன்ன தவறு நடந்தது, சரிசெய்தாயிற்று, எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று. ஓர் அமைப்பு மறுநாளே எடுத்தது. அந்த வெரிஃபிகேஷன் கம்பெனி நம்புகிற இன்னொரு அமைப்பிடமிருந்து மூச்சே இல்லை. அந்தப் பெண் தினமும் கூப்பிட்டாள். தினமும் ஒரே பதிலைச் சொன்னேன். அம்மா அன்றைக்கே அனுப்பியிருக்கிறார், குற்றம் சர்வருடையது என்றேன். அவள் "செரி சார்" என்பாள். நம்பினாளா என்று தெரியாது.

மேட்ரன் சும்மா இருக்கவில்லை. அந்தக் கம்பெனிக்கு ஃபோன் போட்டார். எட்டை அழுத்து, ஒன்பதை அழுத்து என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. ரிசீவரை வைத்துவிட்டு, "மனுஷன்னு ஒருத்தன் அங்க இருக்கானா மக்களே?" என்று கேட்டார். தன் சொந்த மெயிலிலிருந்து எழுதிப் பார்த்தார். ஆஸ்பத்திரி முகவரியிலிருந்து வராததை ஏற்பதற்கில்லை என்று தானாக ஒரு பதில் வந்தது.

தடுப்புக்கு, நல்ல மெயில் எது கெட்டது எது என்று நாம் சொல்லிக் கொடுக்கவும் வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே அதிகம் மெயில் வருவது மேட்ரனுக்குத்தான் என்பதால், சில சாயங்காலங்கள் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரித்தேன். கேன்டீனிலிருந்து பழம்பொரியும் சாயாவும் வரவழைப்பார். அவர் "உள்ளது" என்றால் ஒரு பக்கம், "கள்ளம்" என்றால் இன்னொரு பக்கம். ஒன்றில் மட்டும் தயங்கினார். எங்கோ ஒரு நாட்டில் புற்றுநோயில் கிடக்கும் விதவை, தன் சொத்தையெல்லாம் நல்ல காரியத்துக்குக் கொடுக்க ஆள் தேடுவதாக எழுதியிருந்தாள். மேட்ரன் அதற்குப் பதிலும் போட்டிருந்தார். சொத்து எனக்கு வேண்டாம், உங்களுக்காக ஜெபிக்கிறேன், வலி அதிகமானால் டாக்டரிடம் இன்ன மருந்து கேளுங்கள் என்று.

"இது கள்ளம் அம்மா. இப்பிடி ஒருத்தி கெடையாது."

"கெடையாதா?" முகம் விழுந்துவிட்டது. "நான் அவளுக்காக ஒருபாடு நாள் ஜெபிச்சேனே."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. அதைக் கள்ளத்தின் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததைத் திறந்தேன்.

அந்த இன்னொரு அமைப்பு ஒரு வழியாக எங்கள் பெயரை எடுத்தது. ஒரு காரணமும் சொல்லவில்லை. பட்டியலில் பார்த்தேன், இல்லை. மேட்ரனை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அதே பதிலை மறுபடியும் அடித்தார். அனுப்பினார். நான் சர்வர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று ஒரு வரி வந்தது.

"போச்சா?"

"போச்சு அம்மா. எடுத்துக்கிட்டான்."

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

சில நாட்களில் அந்தப் பெண் கூப்பிட்டாள். வெரிஃபிகேஷன் வந்துவிட்டது. மேட்ரன் என் அறைக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார். ஃபோனை அவர் கையில் கொடுத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

"வந்ததா ஏட்டி?"

"வந்தது அம்மா."

"நான் அன்னைக்கே அனுப்பினதாக்கும்."

"சார் சொன்னாவ."

"நீ நம்பல்ல."

ஃபோனில் அவளுக்குப் பின்னால் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது.

"வேல கெடச்சுதா?"

"அந்த வேல போச்சு அம்மா. வேற ஆள எடுத்துட்டாவ. இங்கயிருந்து ஒருபாடு தூரத்துல ஒரு சின்ன கிளினிக்கு. அங்க வரச் சொல்லியிருக்காவ. போறேன்."

"ஐசியூ கெடையாதா?"

"கெடையாது. காச்சலு, முதுகுவலி, அவ்வளவுதான்."

மேட்ரன் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "வேளா வேளைக்குத் தின்னு" என்று மட்டும் சொல்லி ஃபோனை என்னிடம் நீட்டினார். போகும்போது, "ஐசியூல அவள மாதிரி கை எவளுக்கும் வராது. ஏசினப்பம் அதச் சொல்லாம விட்டுட்டேன்" என்றார். என்னிடம் சொன்னதாகத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு மேட்ரன் எந்த மெயிலையும் நம்பவில்லை. போதகரின் வாழ்த்து வந்தாலும் என்னைக் கூப்பிட்டு, "இது உள்ளதா மக்களே?" என்று கேட்டார். லேப் ரிப்போர்ட்டைத் திறக்காமல் நேரிலேயே போய்க் கேட்டு வாங்கினார். தடுப்பு வேலை செய்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும், "அத வச்சது நீங்க. அனுப்புறவன் எவனோ" என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை. எந்தத் தடுப்பும் முழுசாகத் தடுக்காது.

என் காலை வேளைகள் இப்போது, பிடித்து வைத்த மெயில்களைப் பார்ப்பதில் போகின்றன. நல்லது தப்பாக மாட்டியிருக்கிறதா என்று யாராவது பார்த்தாக வேண்டும். அந்த யாராவது நான். பரிசுச் சீட்டு, ஆபாசம், பொய் பில், வைரஸ். படித்துப் படித்து மனது அழுக்காகிவிட்டதுபோல் இருக்கும். நடு நடுவே ஒன்று உயிரோடு கிடக்கும். குளச்சலிலிருந்து ஒருவர், வாப்பாவின் ஆபரேஷன் தேதியைக் கேட்டு, எல்லா எழுத்தையும் பெரிதாக அடித்து, அவசரம் அவசரம் என்று எழுதியிருந்தார். பாவம், அவருக்கு உண்மையிலேயே அவசரம். புரோகிராமுக்கு அது தெரியுமா? அதை விடுவித்து டாக்டருக்கு அனுப்பிவிட்டு, நடந்து போய்ச் சொல்லவும் செய்தேன்.

திரும்பி வருவதற்குள் பில்லிங் கவுண்டரிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து போயிருந்தார். பேப்பர் சிக்கியிருக்கும். முதுகைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தேன்.