டெல்மர் வாங்கிய டோனட்

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பிரித்துக் கட்டி அனுப்பிய கியர்பாக்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால், கட்டியவர் எல்லோருக்கும் சர்க்கரை தூவிய டோனட் வாங்கித் தர வேண்டும். டெல்மர் ஹட்சன்ஸ் ஒருமுறைகூட வாங்கியதில்லை. மற்றவர்கள் வாங்கியதைத் தின்றே அவருக்குத் தொப்பை விழுந்தது. முன்னறையில் போன் எடுப்பவள் நான். என் சர்க்கரை நோய்க்கும் அந்த வழக்கம்தான் காரணம், அதை இப்போது விடுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தவிர டெல்மர் வேறெதிலும் கை வைக்க மாட்டார். வீட்டில் குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிடுவார். உடைந்த வண்டிகளிலிருந்து கழற்றிய பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவி அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார். நல்ல சாமானைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது.

அவருடைய மாமியார் வெர்னா, மெதடிஸ்ட் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் அவர்தான் வாசிப்பார். மருமகனிடம் அவர் நல்ல வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "கிரீஸ் கையோட என் மேசைத்துணியத் தொடாத" என்பதுதான் நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு.

வசந்த காலத்தில் ப்ரூயிட்டின் அமரர் ஊர்தி பட்டறைக்கு வந்தது. எங்கள் ஊரில் அடக்கம் செய்து தருபவர் அவர் ஒருவர்தான், வண்டியும் அந்த ஒன்றுதான். டெல்மர் கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்டி அனுப்பினார். அக்டோபரில் ப்ரூயிட் மறுபடி வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரிக்கும் குரலில் பேசினார். அவருக்கு வேறு குரல் கிடையாது.

"டெல்மர், வண்டி பாடுது."

"என்ன பாடுது?"

"ங்ங்ங்னு ஒரே சுருதியில. சர்ச்ச விட்டுக் கிளம்புறப்ப. போன வாரம் செத்தவரோட பொண்டாட்டி திரும்பி என்னையே மொறைச்சாங்க, நான்தான் முனகுறேன்னு."

டெல்மர் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். சத்தமே இல்லை.

"டயரா இருக்கும். என் தப்புன்னா வசந்தத்துலயே கேட்டிருக்கணுமே? இத்தனை மாசம் அந்தச் சத்தம் எங்க போயிருந்துச்சு?"

நியாயமான கேள்வி. டெல்மர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செப்டம்பரிலிருந்தே படுக்கையில் இருந்த வெர்னா அந்த வாரம் இறந்துபோனார். மறுநாள் டெல்மரின் மனைவி லோரீன் பட்டறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அம்மா வெள்ளிக்கிழமை அந்த வண்டியிலதான் போறாங்க. சத்தத்தச் சரி பண்ணு."

"வண்டியில சத்தமே இல்ல, லோரீன்."

"ஊர்ச் சாவுக்கெல்லாம் வாசிச்சவங்க. அவங்க போறப்ப அது முனகுச்சுன்னா, நான் உன் பக்கத்துல நிக்க மாட்டேன் டெல்மர். அன்னிக்கு மட்டும் சொல்லல."

அவள் போன பிறகு டெல்மர், "நெடுஞ்சாலையில நல்லாத்தானே ஓடுச்சு" என்று புலம்பிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "நெடுஞ்சாலையில யாருய்யா பொணத்த ஓட்டிட்டுப் போறா?" என்றேன்.

அது அவருக்கு உறைத்தது. மெதுவாகப் போக வேண்டும், பின்னால் பாரமும் வேண்டும். ப்ரூயிட் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, டெல்மர் பின்னால் பெட்டி வைக்கும் இடத்தில் குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்துக்கொண்டார்.

ஊர்வல வேகத்தில் கடைத்தெருவில் போனோம். எதிரே வந்த கார்களெல்லாம் மரியாதையாக ஓரங்கட்டி நின்றன. விதைக்கடை வாசலில் ஒரு விவசாயி தொப்பியைக் கழற்றினார். ப்ரூயிட் பழக்க தோஷத்தில் ஒவ்வொருவருக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். முடிதிருத்தும் கடைக்கு முன்னால் டெல்மர் சடாரென்று எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைத் தட்டினார்.

"கேட்குது! இன்னும் மெதுவா!"

முடி திருத்துபவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். டெல்மர் எழுந்ததைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான், மற்றவர்கள் பார்த்தது டெல்மர் பின்னால் கிடந்ததை மட்டும். அன்று மாலைக்குள் லோரீன் வீட்டுக்கு, மாமியாருக்காக வந்ததைவிட மருமகனுக்காக அதிகமாக, எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குச் சமைத்து அனுப்பும் கோழி நூடுல்ஸ் வந்து சேர்ந்தது.

முதல் கியரிலும் இரண்டாவதிலும் பாட்டு, மூன்றாவது விழுந்ததும் நின்றுவிட்டது. மூன்றாவதில் உள்ளே இருக்கும் பல்சக்கரங்களெல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து சுற்றும், ஒன்றோடொன்று உரசாது. ஆக, கோளாறு அந்தப் பல்சக்கரங்களில்தான். டெல்மர் பிரித்துப் பார்த்தார். நடுச்சக்கரத்தை ஒரு வண்டியிலிருந்தும், அதைச் சுற்றி ஓடும் குட்டிச் சக்கரங்களை இன்னொரு வண்டியிலிருந்தும் எடுத்துப் போட்டிருந்தார், எல்லாம் அவர் அலமாரிச் சாமான். வெவ்வேறு வண்டியில் ஓடித் தேய்ந்த பற்களைச் சேர்த்தால் பாடும். இதைப் பட்டறையில் எல்லோருக்கும் சொல்பவரே அவர்தான்.

"கண்ணுக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். புதிதாக ஒரு முழு செட் வாங்கிப் போட்டார்.

வெள்ளிக்கிழமை, எப்போதும்போல, வண்டி தெருமுனை திரும்பும்வரை சர்ச் கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள். உள்ளே வெர்னாவுக்குப் பதிலாக மருந்துக்கடைக்காரரின் மனைவி வாசித்தாள், சுமாராக. ஊர்தி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. லோரீன் படியில் நின்று அழுதாள். பிறகு டெல்மரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு வசந்தத்துலயே தெரியும், டெல்மர்."

"என்ன தெரியும்?"

"வண்டி பாடுறது. கிளம்புறப்ப வாசிக்கிற கடைசிப் பாட்ட அந்தச் சுருதிக்கே மாத்திக்கிட்டாங்க. ஆர்கனோட சேர்ந்துட்டா யாருக்கும் தெரியாதுல்ல. அவங்க படுத்த பிறகுதான் வெளிய கேட்டுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன். 'அவனுக்கு அந்த டோனட் விஷயம் பெருசு, விடு'ன்னாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

டெல்மர் வாய்விட்டு அழுதார். நானும்தான் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

மறுநாள் காலை அவர் இரண்டு டப்பா டோனட்டோடு வந்தார். ஒன்றை என் மேசையில் வைத்தார். கேலி செய்யக் காத்திருந்தவர்கள்கூட நன்றி சொல்லி எடுத்துத் தின்றார்கள். இன்னொன்றை யாரையும் தொடவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரரின் மனைவி ஆர்கன் பெஞ்சில் ஒரு டப்பாவைக் கண்டெடுத்து, இது யாருடையது என்று உரக்கக் கேட்டாள். டெல்மர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, பாவாடையில் ஒட்டிய சர்க்கரையைத் தட்டிக்கொண்டே வாசிக்கத் தொடங்கினாள்.