தீட்டில்லாத வீட்டின் அடுப்பு

எனக்குச் சாமி இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனசு மாறிக் கோயிலுக்குப் போனாள் என்று முடியும் என யாரும் எதிர்பார்க்க வேண்டாம். இன்றைக்கும் போகவில்லை.

படித்தது ஐந்தாவது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற யூனிட்டில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையில் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சீவி ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். பெரும்பாலும் பிள்ளையார்தான் வருவார். கூட வேலை செய்கிற பெண்கள் சீண்டுவார்கள்.

“காலையிலேர்ந்து பிள்ளையாருக்குத் தும்பிக்கை தொடைக்கிற. அப்பறம் சாமி இல்லங்கிற.”

“நான் தொடைக்கலன்னா அவரு தழும்போடயே சூளைக்குப் போவாரு. அவருதான் எனக்குக் கும்புடு போடணும்.”

என் வீட்டுக்காரர் அதே யூனிட்டில் சூளைக்குள் சரக்கு அடுக்குகிறவர். கருப்புச் சட்டைக்காரர். எங்கள் கல்யாணத்தில் ஐயர் இல்லை, தாலி இல்லை. மாலை மாற்றிக்கொண்டோம். அவருக்காக நான் சாமியை விடவில்லை. அதற்கு முன்பே விட்டிருந்தேன்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், மழைக்காலம். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சங்கு, சேகண்டி எதுவும் வேண்டாம் என்று சொன்னேன். சுடுகாட்டுக்கு நானே போனேன். கொள்ளியும் நானே வைத்தேன். தெருவே வாயில் கை வைத்துப் பார்த்தது. பார்க்கட்டும்.

திரும்பி வந்ததும் வாசலில் இரங்கல் கூட்டம் நடந்தது. தோழர்கள் பேசினார்கள். நன்றாகத்தான் பேசினார்கள். அவர்களில் மூத்தவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: “இந்த வீட்டில் தீட்டு இல்லை. சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பது மூடநம்பிக்கை. இன்றைக்கே இந்த வீட்டில் அடுப்பு எரியும்.”

கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்றுதான் நினைவு.

கூட்டம் முடிந்தது. வெளியூர்த் தோழர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். “அம்மா, ஒரு டீ கெடைக்குமா? ரொம்ப தூரம் போவணும்.”

அடுப்பைப் பற்ற வைத்தேன். சுடுகாட்டுப் புகை வாசனை போகாத கையால் எல்லாருக்கும் டீ போட்டேன். குடித்தார்கள். வீரவணக்கம் சொன்னார்கள். பஸ்ஸுக்குப் போனார்கள்.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது. எனக்கு நானே உலை வைத்தேன். இறக்கி வைத்தேன். தின்ன முடியவில்லை.

அதே தெருவில் ஆடி மாசம் ஒரு பெரியவர் செத்திருந்தார். அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. வீட்டுக்கு வீடு பாத்திரம் போனது. சோறு ஒரு வீடு, குழம்பு ஒரு வீடு. நானும் ரசம் கொண்டுபோனேன். பொம்பளைகள் கூடி உட்கார்ந்து அந்தம்மாவை மிரட்டி மிரட்டித் தின்ன வைத்தார்கள். பால் தெளிக்கிற நாள், காரியம் செய்கிற நாள் என்று நாள் இருந்தது. நாளுக்கு ஏற்ற மாதிரி ஆள் வந்துகொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரியும் எங்கள் யூனிட்தான். குழாயடியில் பிடித்தேன்.

“ஏண்டி, எட்டிக்கூடப் பாக்கல?”

“அய்ய, உங்க ஆளுங்கதான் மைக்குல சொல்லிட்டாங்களே, இந்த வூட்டுல தீட்டு இல்ல, அடுப்பு எரியும்னு. நான் சோத்த எடுத்துக்கிட்டு வந்தா, ஏதோ தீட்டு பாத்து வந்த மாதிரி ஆயிடுமேன்னு இருந்துட்டேன். ஒங்க கொள்கையில எதுக்குக் கை வெக்கணும்?”

அவள் நக்கல் செய்யவில்லை. மரியாதைக்காகத்தான் வராமல் இருந்திருக்கிறாள். தெருவே மரியாதையாகத்தான் இருந்திருக்கிறது. தீட்டு பொய். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு வந்த சோறு பொய் இல்லை. எங்கள் ஆட்கள் ஒன்றைத் தூக்கி எறிந்ததில் மற்றதும் போய்விட்டது.

அடுத்து நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் வந்து, ஈரப் புடவையோடு நின்றபடியே பேசினார்.

“பதினாறாம் நாளு காரியம் வெச்சிடலாம். எந்தம்பி அனாதையாவா போனான்?”

“எதுக்கு அண்ணி? தாலியே கட்டல. எத அறுப்பீங்க?”

“வளையலு இருக்குதுல்ல, பொட்டு இருக்குதுல்ல? ஊரு ஒலகம்னு ஒண்ணு இருக்குது.”

“எங்க இருக்குது? நானும் சுடுகாட்டுலேர்ந்து வந்த நாளா வாசல்ல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அவர் கோபப்படவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். “காரியம்னு ஒண்ணு வெச்சாத்தானே வருவாங்க. நாளு சொல்லாம எவ வருவா, இந்த மழையில?”

வளையலை உடைக்கக் கொடுத்தால் ஆள் வரும். கொடுக்காவிட்டால் நானும் சுவரும்தான். இரண்டில் ஒன்று என்கிறார். எனக்கு இரண்டும் வேண்டும். வளையலும் வேண்டும், ஆளும் வேண்டும்.

நேராக சைக்கிள் கடைக்குப் போனேன்.

“தோழர், பதினாறாம் நாளு வெக்கப் போறேன்.”

அவர் டியூபைத் தண்ணீரில் முக்கியபடி நிமிர்ந்தார். “கருமாதியா? அத ஒழிச்சவங்க தோழர் நாம.”

“ஒழிச்சீங்க சரி. அந்த எடத்துல என்னா வெச்சீங்க?”

“இரங்கல் கூட்டம் வெச்சமே.”

“அதுல எனக்குச் சோறு இருந்திச்சா? நான்தான் ஒங்களுக்கு டீ போட்டேன்.”

தண்ணீரில் குமிழி வந்துகொண்டிருந்தது. அவர் ஓட்டையைப் பார்க்கவில்லை. டியூபை வெளியே எடுத்தார். “எம் பொண்டாட்டி அன்னிக்கே கேட்டா. நீ செத்தா நானும் டீ போடணுமான்னு. அவளுக்கும் பதிலு சொல்லல.”

“ஒங்க பொண்டாட்டிய வரச் சொல்லுங்க. நீங்களும் வாங்க. வெறுங்கையோட வராதீங்க.”

யூனிட்டிலும் சொன்னேன். பதினாறாம் நாள் என் வீட்டுக்கு வாருங்கள். சடங்கு இல்லை. வளையல் உடைக்கிறது இல்லை. ஆளுக்கு ஒரு பாத்திரத்தில் எதையாவது கொண்டுவாருங்கள். நான் அடுப்பு பற்ற வைக்கமாட்டேன்.

“அப்ப தீட்டு உண்டா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“தீட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. என் கை ஓஞ்சி கெடக்கணும். அவ்ளோதான்.”

வந்தார்கள். யூனிட் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். தூக்கு, அடுக்கு, குண்டான் என்று கூடம் நிறைந்தது. சைக்கிள் கடைத் தோழர் மனைவியோடு வந்தார். சாம்பார்த் தூக்கு அவர் கையில். பாதி அவர் சட்டை மேல்.

“கருப்புச் சட்டையில கறை தெரியாதுன்னு நம்பிக் குடுத்தேன்” என்றார் அவர் மனைவி. சாவு வீடு என்று பார்க்காமல் எல்லாரும் சிரித்தோம்.

நாத்தனாரும் வந்தார், கூட நாலு பொம்பளைகளோடு. நடு வீட்டில் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“குடுடி. நல்லபடியா முடிச்சிடலாம்.”

நான் கையை இழுக்கவில்லை. ஆனால் தரவும் இல்லை. “அண்ணி, இது அவுரு வாங்கித் தந்தது. நான் ஆசப்பட்டுப் போட்டது. ஒடையற அன்னிக்கு அதுவா ஒடையட்டும். நீங்க கைய வெச்சீங்கன்னா இந்த வூட்டுல ஒங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல.”

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தபடியே நின்றார். பிறகு விட்டார். மூலையில் போய் உட்கார்ந்து முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். தம்பிக்காக அழுதாரா, காரியம் நடக்கவில்லை என்று அழுதாரா தெரியாது. அழட்டும் என்று விட்டோம். அழுவதற்கும் ஒரு இடம் வேண்டும்தானே.

இலை போட்டார்கள். அவர் மூலையிலிருந்தே கேட்டார். “அவ தின்னாளா?”

“இன்னும் இல்லீங்க” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

எழுந்து வந்தார். கரண்டியைப் பிடுங்கினார். என் இலையில் சோற்றைக் கொட்டினார். “தின்னு. சாமி இல்லன்னா பசியும் இல்லாம பூடுமா?”

தின்றேன். வீட்டுக்காரர் செத்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் வயிறாரத் தின்றேன். சோறு பிசையும்போது வளையல் சத்தம் கேட்டது. நாத்தனாருக்கும் கேட்டிருக்கும். குழம்பு ஊற்றினார்.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்களில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சைக்கிள் கடைத் தோழர் மைக்கில் இப்படித்தான் சொல்கிறார்: “இந்த வீட்டில் தீட்டு இல்லை. ஆனாலும் அடுப்பு எரியாது. யார் என்ன கொண்டுவருகிறீர்கள் என்று இப்போதே சொல்லிவிட்டுப் போங்கள்.”

அப்படி ஒரு சாவுக்கு வெளியூரிலிருந்து வந்த படித்த தோழர் ஒருவர் என்னிடமே கேட்டார், இது மதத்திலிருந்து எடுத்தது இல்லையா என்று.

“ஆமாங்க, எடுத்ததுதான்” என்றேன். “அவங்க மட்டும் சாமிகிட்டேர்ந்தா வாங்கினாங்க? எவளோ ஒருத்தி பக்கத்து வூட்டுக்குச் சோறு தூக்கிக்கிட்டுப் போனா. அவகிட்டேர்ந்து சாமி எடுத்துக்கிச்சி. நாங்க திருப்பி எடுத்துக்கிட்டோம்.”

அவர் சிரித்தார். கையில் ஒரு தூக்கைக் கொடுத்து, சாவு வீடு எந்தப் பக்கம் என்று காட்டினேன்.