நின்று வந்த சொல்

என் மனைவி எல்லைக்கு அந்தப் பக்கம், மலையாள நாட்டில் பிறந்து வளர்ந்தவள். அவள் பாஷையில் ஆண் வந்தாலும் பெண் வந்தாலும் மாடு வந்தாலும் ஒரே 'வந்நு'தான். நம் தமிழ் அப்படி விடுமா? வந்தான், வந்தாள், வந்தது என்று ஆள் பார்த்து வால் ஒட்டச் சொல்லும். கல்யாணமான புதிதில் வாக்கியம் முடிகிற இடத்தில் ஒரு கணம் நிற்பாள். நின்றும் தப்பும். "பசு வந்தான்" என்பாள், வீடே சிரிக்கும். பிறகு அந்தத் தயக்கம் போய்விட்டது. வயலுக்கு வரும் ஆட்களை "ஏலே" போட்டு அதட்டுகிற அளவுக்கு எங்கள் பேச்சு அவள் நாக்கில் ஊறியது.

போன சித்திரையில் தயக்கம் திரும்பி வந்தது. காலேஜ் விட்டு மகள் உள்ளே நுழைந்தாள். "அவ..." என்று ஆரம்பித்து நின்றாள் இவள். நெற்றி சுருங்கியது. "வந்தான்" என்றாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் அவள் சொல்லைத் தேடினாள். இப்போது, வைத்த இடத்தில் சாமானைக் காணாதவள் போல விழித்தாள்.

அண்ணன் மனைவியிடம் சொன்னேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. அவளுக்குப் பொறந்த வீட்டு நெனப்பு வந்துட்டு. நாலு நாளு கொண்டு விட்டுட்டு வாரும், செரியாவும்," என்றாள் மயினி.

எங்கள் பக்கம் இது வழக்கம். மேற்கேயிருந்து வந்த பெண்ணுக்கு நாக்குத் திரும்பினால் பிறந்த வீடுதான் மருந்து. கொண்டு விட்டேன். அங்கே நாள் முழுக்கத் தட்டாமல் தடுக்காமல் மலையாளம் பேசினாளாம். "கண்டீரா?" என்று மயினிக்குப் பரம திருப்தி. எனக்கு எரிச்சலாக வந்தது. வாலே ஒட்ட வேண்டாத பாஷையில், வால் தொலைந்தது எப்படித் தெரியும்?

திரும்பி வந்ததும் நெய்யூருக்குப் போய் டாக்டரிடம் காட்டலாம் என்றேன். "எனக்கு என்ன கேடு?" என்று சண்டை பிடித்தாள். சண்டை பிடிக்கிறாளே என்று ஒரு நிம்மதி.

ஒரு மத்தியானம் கோட்டாறு கடைகளுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தேன். தன் அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். சரளமான மலையாளம், நடுநடுவே சிரிப்பு. மயினி சொன்னதுதான் சரியோ என்று நெஞ்சு கொஞ்சம் ஆறியது. காய்ப் பையை இறக்கி வைத்தேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். போனில், ஓரிடத்திலும் நிற்காமல் சொன்னாள்:

"அண்ணா, இவிடெ ஒராள் வந்நிரிக்குந்நு. ஆராந்நு அறிஞ்ஞூடா."

யாரோ வந்திருக்கிறாராம். யாரென்று தெரியவில்லையாம்.